கான் எந்த ஆண்டில் பிறந்தான்?

1967 பிப்ரவரி 16 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ எபிசோடு ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஒரு பெரும்போர் நடந்ததாகச் சொன்னது. தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் உருவான அதிமனிதர்கள் 1993-இல் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே சமயத்தில் ஆட்சியைப் பிடித்தார்களாம். அவர்களில் தலையானவன் கான் நூனியன் சிங். 1992 முதல் 1996 வரை உலகின் கால்பங்குக்கு மேல் ஆண்டுவிட்டு, தோற்றதும் தன் கூட்டத்தோடு விண்கலம் ஏறி உறைதூக்கத்தில் தப்பித்தானாம். எழுதியவர்களைக் குறைசொல்ல முடியாது. 1996 அப்போது முப்பது ஆண்டுத் தொலைவில் இருந்தது. அவர்களுடைய தொடருக்கு மூன்று சீசனுக்கு மேல் ஆயுளும் வாய்க்கவில்லை.

1996 வந்தது. கான் வரவில்லை. ஆனால் ஸ்டார் ட்ரெக் வேறு வேறு பெயர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் ‘வாயேஜர்’ தொடரின் குழு காலத்தில் பின்னோக்கிப் போய் அதே 1996-இல், லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது. கடற்கரையில் கூட்டம், சாலையில் நெரிசல், போரின் சுவடே இல்லை. ஒரு வானியல் ஆய்வாளரின் அறையில் கான் தப்பிப்போன ரகக் கலத்தின் சிறு மாதிரி மட்டும் நின்றது, விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துச் சிரித்துக்கொள்ள. அடுத்த ஆண்டு ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ஒரு பாத்திரம் அந்தப் போர் நடந்து இருநூறு ஆண்டாயிற்று என்று சொல்ல, போர் 22-ஆம் நூற்றாண்டுக்குத் தாவியது. அது கணக்குப் பிழை என்று எழுத்தாளர் ரொனால்ட் மூர் பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2001-இலும் 2002-இலும் கிரெக் காக்ஸ் இரண்டு பாகமாக எழுதிய நாவல் வேறு வழியில் போனது. போர் நடந்தது உண்மை. ஆனால் மறைவாக நடந்தது. தொண்ணூறுகளின் செய்தித்தாள்களில் நாம் படித்த கலவரங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்த அதிமனிதர்களே.

2023 ஜூனில் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடர் இதற்கு அதிகாரபூர்வமான விடையைக் கொடுத்தது. கானின் வழித்தோன்றலான லான் என்ற பெண் அதிகாரி நம் காலத்து டொராண்டோவுக்கு வந்து சேர்கிறாள். அங்கே கான் இன்னும் சிறுவன். அவனைக் கொல்ல எதிர்காலத்திலிருந்து அனுப்பப்பட்ட, ரோமுலன் என்ற வேற்றுக்கோள் இனத்து உளவாளி அலுத்துக்கொள்கிறாள்: இதெல்லாம் 1992-இலேயே நடந்திருக்க வேண்டியது, முப்பது வருஷமாக நான் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன். வரலாற்றை மாற்ற ஆளாளுக்கு முயன்றதில் தேதிகள் நகர்ந்துவிட்டன; ஆனாலும் காலம் எதிர்த்துத் தள்ளுகிறது, நடக்க வேண்டியது எப்படியாவது நடந்துவிடப் பார்க்கிறது என்பது அவள் தரப்பு.

56 ஆண்டுப் பிழை ஓர் அலுப்பில் நேராகிவிட்டது. கதையாகக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது. இயற்பியலாகக் கேட்டால் ஒரு சொல் இடறுகிறது: ‘நடந்திருக்க வேண்டியது’. முதலில் 1992 இருந்தது, பிறகு அது 2020-களுக்கு நகர்ந்தது என்கிறாள். இந்த ‘முதலில்’, ‘பிறகு’ இரண்டும் எந்தக் கடிகாரத்தின்படி?

*

எல்லா முரண்களும் முரண்கள் அல்ல என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஐன்ஸ்டைனுக்குப் பிறகு, உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரே கடிகாரம் என்று ஒன்று கிடையாது. நகரும் ஒவ்வொரு பொருளும் தன் பாதையில் தனக்கான நேரத்தை எண்ணிக்கொண்டு போகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் உங்கள் கைப்பேசி காட்டும் இடம் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் விலகிப்போகும். தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1976-இல் காலப் பயண முரண்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே பிரிவினையைக் கையாண்டார். பயணியின் சொந்த நேரம் ஒன்று, ஊர் நேரம் மற்றொன்று. பயணிக்கு முடி வளர்வதும் பசிப்பதும் நினைவு சேர்வதும் சொந்த நேரத்தில். அவர் ஊர் நேரத்தில் எங்கே போய் எங்கே வந்தாலும் அந்த வரிசை குலையாது.

‘டாக்டர் ஹூ’ தொடரின் ரிவர் சாங்கை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவள் கதை தெளிந்துவிடும். 2008-இல் அவள் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோது, காலப் பயணியான டாக்டருக்கு அவளைத் தெரியாது. அவளுக்கோ அவரை ஆயுள் முழுக்கத் தெரியும். அந்த இரண்டு வாரக் கதையிலேயே அவள் இறந்தும் போகிறாள். அவளுடைய பெற்றோர் யார் என்பது 2011-இல்தான் நமக்குச் சொல்லப்பட்டது. டாக்டரின் வாழ்க்கை ஒரு வரிசை, அவளுடையது கிட்டத்தட்ட அதன் தலைகீழ் வரிசை. சந்திக்கும்போதெல்லாம் இருவரும் நீல நிற நாட்குறிப்பை எடுத்து, எது உனக்கு நடந்துவிட்டது, எது இனிமேல்தான் என்று சரிபார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு உலகக்கோடுகள் (காலவெளியில் ஒருவர் போகும் பாதைகள்) பல புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஸ்டீவன் மோஃபட் நுணுக்கமாக எழுதியதில் சில சில்லறைப் பிசகுகள் உண்டு. அடிப்படை முரண் இல்லை.

ஸ்டார் ட்ரெக்கின் செக்கோவ் விவகாரம் இன்னும் எளிது. 1982-இல் வந்த திரைப்படத்தில் கான் செக்கோவைப் பார்த்ததும், உன் முகத்தை நான் மறக்கவில்லை என்கிறான். ஆனால் கான் தோன்றிய எபிசோடு முதல் சீசனைச் சேர்ந்தது. செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் சேர்ந்ததோ இரண்டாம் சீசனில். நாற்பது ஆண்டாக ரசிகர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோனிக்கே ஒரு விளக்கம் வைத்திருந்தார்: கப்பலில் கழிவறைக்கு வெளியே கானை வெகுநேரம் காக்க வைத்தவர் செக்கோவ்தானாம், அதனால்தான் அந்த முகம் மறக்கவில்லையாம். வேடிக்கையை விட்டுவிட்டுத் தொடரின் சொந்த நாட்காட்டியைப் பார்ப்போம். கான் எபிசோடின் விண்தேதி 3141.9. செக்கோவ் நடித்த ‘கேட்ஸ்பா’ ஒளிபரப்பானது எட்டு மாதம் கழித்து, 1967 அக்டோபரில்; ஆனால் அதன் விண்தேதி 3018.2. கதையின் கணக்கில் அவர் கானுக்கு முன்பே கப்பலில் இருக்கிறார். நாம் பார்த்த வரிசை வேறு, அங்கே நடந்த வரிசை வேறு.

ஒளிபரப்பு வரிசை ஒன்று தனியாக இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுபடி வருவோம்.

*

காலத்தில் பின்னோக்கிப் போகும் பாதையைச் சமன்பாடுகள் தடுக்கின்றனவா என்றால், பொதுச் சார்பியல் நேரடியாகத் தடுக்கவில்லை. சுழலும் பிரபஞ்சம் ஒன்றை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே வருவித்து, அதில் ஒருவர் தன் கடந்தகாலத்துக்கே வளைந்து திரும்பலாம் என்று 1949-இல் குர்த் கோடல் காட்டினார். ஐன்ஸ்டைனின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி வந்த பரிசு அது. அவருக்கு அது மகிழ்ச்சியைவிடக் கலக்கத்தையே தந்திருக்கும். எண்பதுகளில் கார்ல் சேகன் தன் நாவலின் நாயகியை விண்மீன்களுக்கு அனுப்ப வழி கேட்டபோது, கால்டெக்கைச் சேர்ந்த கிப் தோர்ன், வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியான புழுத்துளையைப் பரிந்துரைத்தார். அதன் கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பார்த்ததில், புழுத்துளையின் ஒரு வாயை வேகமாக நகர்த்தித் திரும்பக் கொண்டுவந்தால் அது கால இயந்திரமாகிவிடும் என்று தெரிந்தது. மோரிஸ், தோர்ன், யுர்ட்சேவர் மூவரும் 1988-இல் அதை வெளியிட்டார்கள். அப்படி ஒரு துளையைத் திறந்து வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் கொண்ட பொருள் வேண்டும். அது போதுமான அளவில் கிடைக்குமா என்பது தனிப் பிரச்சினை. கால இயந்திரம் உருவாகும் நொடியிலேயே வெற்றிடத்தின் ஆற்றல் பெருகி அதை அழித்துவிடும் என்று 1992-இல் ஹாக்கிங் ஊகித்தார்.

இங்கே நமக்கு வேண்டியது ஜோசப் போல்ச்சின்ஸ்கி எழுப்பிய கேள்வி. கடந்தகாலத்துக்குப் போய்த் தன் தாத்தாவைக் கொல்லும் பேரன் கதையில் மனமும் விருப்பமும் குறுக்கிடுகின்றன. அவற்றை நீக்கிவிட்டு, மனிதனுக்குப் பதில் ஒரு பில்லியர்ட் பந்தை வைத்தார் அவர். பந்து புழுத்துளைக்குள் போகிறது. சற்று முந்தைய நேரத்தில் மறுவாயிலிருந்து வெளியே வருகிறது. உள்ளே போகவிருக்கும் தன்னையே மோதித் தள்ளிவிடுகிறது. அப்படியானால் அது உள்ளே போகவில்லை. போகாவிட்டால் மோதியது எது?

எச்செவெரியா, கிளிங்காம்மர் என்ற இரு மாணவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். அவர்கள் கண்ட தீர்வு அழகானது. வெளியே வரும் பந்து சற்றே கோணலாக வருகிறது. அதனால் முழு மோதலுக்குப் பதில் ஓர் உரசல் நேர்கிறது. உரசப்பட்ட பந்து சற்றே கோணலாக உள்ளே போகிறது. கோணலாகப் போனதால்தான் கோணலாக வெளியே வந்தது. முரண் மறைந்துவிட்டது. ஆனால் அதே தொடக்க நிலைக்கு இப்படி ஒரே ஒரு தீர்வு அல்ல, எண்ணற்ற தீர்வுகள் இருந்தன. தன்னோடு தான் முரண்படாத நிகழ்ச்சிகள் மட்டுமே நடக்கும் என்ற இகோர் நோவிகோவின் கொள்கை, எது நடக்க முடியாது என்று சொல்லிவிடும். முடியக்கூடியவற்றில் எது நடக்கும் என்று சொல்லாது.

தொலைக்காட்சியில் இந்த ஒற்றை வரலாற்றுப் பாதையை மிகப் பிடிவாதமாகப் பின்பற்றியது ஜெர்மானியத் தொடரான ‘டார்க்’ (2017–2020). விண்டன் என்ற கற்பனைச் சிற்றூர். 33 ஆண்டு இடைவெளியில் 1953, 1986, 2019 ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. 2019-இல் தொலைந்த சிறுவன் 1986-இல் வளர்ந்து, தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் இளைஞன் யோனாஸின் தந்தையாகிறான். முதல் இரண்டு சீசன்களில் யார் எதைத் தடுக்க முனைந்தாலும் அந்த முயற்சியே அது நடக்கக் காரணமாகிறது. உரசும் பந்துதான்.

இந்தத் தொடரில் காவல் அதிகாரி ஷார்லோட்டின் முன்கதையை ஓர் உயிரியலாளர் பார்க்க வேண்டும். ஷார்லோட்டின் மகள் எலிசபெத். எலிசபெத் எதிர்காலத்தில் பெறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் கடந்தகாலத்தில் விடுகிறார்கள். அந்தக் குழந்தைதான் ஷார்லோட். அம்மாவுக்கு மகள் அம்மா. ரசிகர்கள் இதை அதிர்ச்சியாகப் பார்த்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள். நாம் கணக்குப் போடலாம்.

ஷார்லோட்டின் தந்தை நோவா. எலிசபெத்தின் தந்தை பீட்டர். ஷார்லோட்டின் மரபணுக்களில் பாதி நோவாவிடமிருந்து நேராக வருகிறது. மறுபாதி எலிசபெத்திடமிருந்து. எலிசபெத் கொடுப்பதில் பாதி பீட்டருடையது, பாதி ஷார்லோட்டுடையது. ஷார்லோட்டுடைய அந்தப் பங்கில் பாதி மறுபடி நோவாவுடையது. மீதிப் பாதி எலிசபெத்துடையது, அதாவது சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பது. மெண்டலின் விதியைச் சாதாரணமாகப் பொருத்தினால் ஷார்லோட்டின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஐந்து பங்கு நோவாவுடையது, இரண்டு பங்கு பீட்டருடையது. மீதமுள்ள ஒரு பங்கு யாரிடமிருந்தும் வரவில்லை.

மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். உயிரணுவின் ஆற்றல் நிலையமான அதற்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் உண்டு. மனிதரில் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அது நடைமுறையில் தாய்வழியாக மட்டுமே இறங்குகிறது, தந்தைக்குப் பங்கில்லை. எனவே இந்த இரு பெண்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. முழுவதும் மூலமற்றது. ஷார்லோட் எலிசபெத்துக்குக் கொடுக்க, எலிசபெத் ஷார்லோட்டுக்குக் கொடுக்க, அதை யாரும் எப்போதும் உருவாக்கவே இல்லை.

இப்படிப்பட்ட மூலமற்ற பொருள்களுக்கு லோசெவும் நோவிகோவும் 1992-இல் ஒரு பெயர் வைத்தார்கள்: ஜின். அரபுக் கதைகளில் எங்கிருந்தோ வந்து நிற்கும் ஜின்தான். பொருளாகச் சுற்றும் ஜின் ஒரு வகை. தகவலாகச் சுற்றும் ஜின் இன்னொரு வகை. பொருள் ஜின்னுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. வட்டத்தை முடிக்கும்போது அது தொடங்கிய நிலையிலேயே இருக்க வேண்டும். ஒரு கீறல்கூட ஏறியிருக்கக் கூடாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி எல்லாம் தேயும். ஆகவே தேய்ந்ததை வெளியிலிருந்து ஆற்றல் செலவிட்டு யாராவது சரிசெய்தாக வேண்டும். ‘டார்க்’கில் கடிகாரக்காரர் டான்ஹவுஸ் எழுதிய புத்தகம், அவர் எழுதும் முன்பே அவர் கைக்கு வந்துவிடுகிறது. அது தகவல் ஜின். பழைய தாள் நைந்துபோனால் புதிய தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். மைட்டோகாண்ட்ரியாவும் அப்படியே. அணுக்கள் மாறினாலும் எழுத்து வரிசை நகலாகிக்கொண்டே போகும். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு தலைமுறை நகலெடுப்பில் பிறழ்வு நேரக்கூடாது, நேர்ந்தால் அதே சுற்றில் அது திரும்பி விலகிவிட வேண்டும்.

சரி, அந்த 16,569 எழுத்துகள் எவை? இங்கேதான் போல்ச்சின்ஸ்கியின் பந்து திரும்பி வருகிறது. எந்த வரிசையும் தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டால் போதும், சமன்பாடு நிறைவாகிவிடும். நான்கு எழுத்துகளில் 16,569 இடங்களை நிரப்பும் வழிகள் 1-க்குப் பின் 9,975 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணின் அளவு. அவற்றில் உயிரோடு இருக்கவிடும் வரிசைகள் மிகச் சிலவே என்றாலும் அந்தச் சிலவும் எண்ணில் அடங்காதவை. மனித மைட்டோகாண்ட்ரியாவை ஒத்த ஒன்று ஏன் அமைந்தது என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை. ஷார்லோட் தன் பெற்றோர் யாரென்று தெரியாமல் தவிப்பதைத் தொடர் உருக்கமாகக் காட்டுகிறது. அவள் உயிரணுக்களுக்கும் அந்த விடை தெரியாது என்பதைத் தொடர் கவனிக்கவில்லை.

*

ஒற்றை வரலாறு முதல் வழி என்றால், இரண்டாவது வழி கிளைகள். 1957-இல் ஹ்யூ எவரெட் குவாண்டம் இயற்பியலுக்குக் கொடுத்த விளக்கத்தில், நிகழக்கூடியவை எல்லாம் தனித்தனிக் கிளைகளில் நிகழ்கின்றன. 1991-இல் டேவிட் டாய்ச் இதைக் கால இயந்திரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டார். பேரன் தாத்தாவைக் கொல்லும் முரண் அங்கே பாதிக்குப் பாதி என்ற நிகழ்தகவாக அமைதியாகத் தீர்கிறது: ஒரு கிளையில் பிறந்த பேரன் இன்னொரு கிளையின் தாத்தாவைச் சுடுகிறான். 2009 ஸ்டார் ட்ரெக் திரைப்படம் இந்த வழியை எடுத்துக்கொண்டது. 2387-லிருந்து வந்த நீரோ 2233-இல் ஒரு கப்பலைத் தாக்குகிறான். கேப்டன் கிர்க் பிறக்கும் நாளிலேயே அவர் தந்தை சாகிறார். கிர்க்கின் முன்கதை இரண்டாகிவிட்டது, இரண்டும் உண்மை. பழைய கிளை அழியவில்லை என்பதற்குச் சாட்சியாக 2020-இல் ‘பிக்கார்ட்’ தொடர் அதிலேயே தொடர்ந்தது.

தர்க்கம் சுத்தம். எனக்கு இதில் உள்ள மனக்குறை கதை சார்ந்தது. கிளை உலகில் யாரும் யாரையும் காப்பாற்ற முடியாது. இறந்தவர் இறந்தவரே, அவர் இறக்காத இன்னோர் ஊருக்கு நீங்கள் குடிபோகலாம், அவ்வளவுதான். எழுத்தாளர்கள் இதை அடிக்கடி நாடாததற்கு இது காரணமாக இருக்கலாம்.

*

அவர்கள் நாடுவது மூன்றாவது வழியை: பழைய வரலாற்றை அழித்து, அதே இடத்தில் புதியதை எழுதுவது. இதற்கு டாஷாவைவிடச் சிக்கலான உதாரணம் தேட வேண்டியதில்லை. ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் பாதுகாப்பு அதிகாரியான அவர் 1988-இல் ஓர் எபிசோடில் அற்பமாகச் செத்துப்போனார். 1990 பிப்ரவரியில் இன்னோர் எபிசோடு: 2344-இல் அழிந்திருக்க வேண்டிய பழைய எண்டர்பிரைஸ் கப்பல் 22 ஆண்டு முன்னோக்கி வந்துவிடுகிறது, வரலாறு மாறுகிறது, கிளிங்கான்களோடு தோற்றுக்கொண்டிருக்கும் போர், அந்த உலகில் டாஷா உயிரோடு இருக்கிறார். கப்பலைத் திருப்பி அனுப்பினால் எல்லாம் சரியாகும் என்று தெரியவர, டாஷா அதில் ஏறிக்கொண்டு 2344-க்குப் போகிறார். வரலாறு பழையபடி ஆகிறது.

முடிந்தது என்று நினைத்தால், 1991-இல் சேலா என்ற ரோமுலன் தளபதி வந்து நிற்கிறாள், டாஷாவின் முகத்தோடு. இரு வேடத்திலும் டெனிஸ் கிராஸ்பி. போன டாஷா சிறைபிடிக்கப்பட்டு, ரோமுலன் ஒருவனுக்குப் பெற்ற மகள் அவள். சரிசெய்யப்பட்ட வரலாற்றில் சேலா இருக்கிறாள். அவளுடைய தாய் வளர்ந்த, பயிற்சி பெற்ற, போரிட்ட உலகமோ இல்லை. 2344-இல் ஏழு வயதுச் சிறுமி டாஷா வேறொரு கோளில் தெருவில் பிழைத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், வளர்ந்த டாஷா ரோமுலன் சிறையில் இருக்கிறார். காரணம் அழிந்துவிட்டது, விளைவு மட்டும் பணிக்கு வந்து மிரட்டிக்கொண்டிருக்கிறது.

நோவிகோவின் உலகில் இது நடக்காது. எவரெட்டின் உலகில் நடக்கலாம். ஆனால் அப்போது அந்தத் தோற்றுக்கொண்டிருக்கும் போர் எங்கோ தொடர்ந்து நடந்துகொண்டேயிருக்க வேண்டும், ‘சரியாகிவிட்டது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அழித்து எழுதுதல் என்பது பொருள்பட வேண்டுமானால், 2344-இல் இது இருந்தது, ‘பிறகு’ 2344-இல் அது இருந்தது என்று சொல்ல முடிய வேண்டும். 2344 ஒன்றுதான், அதற்கு ஒரு ‘பிறகு’ வேண்டுமானால் காலத்துக்கு வெளியே இன்னொரு காலம் வேண்டும். லூயிஸ் இதனால்தான் கடந்தகாலத்தை மாற்றுவது சாத்தியமே இல்லை என்றார். ஜாக் மெய்லண்ட் 1974-இலும் பீட்டர் வான் இன்வேகன் 2010-இலும் அந்த இரண்டாம் காலத்தை ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தார்கள், மாற்றம் சாத்தியமாகிவிடுகிறது. அதற்கும் வெகு முன்பே, 1927-இல், ஜே. டபிள்யூ. டன் என்ற விமானப் பொறியாளர் காலம் ஓடுவதை அளக்க இரண்டாம் காலம் வேண்டும், அது ஓடுவதை அளக்க மூன்றாம் காலம் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே முடிவிலிக்குப் போனார். இயற்பியலின் சமன்பாடுகளில் இவற்றில் ஒன்றுக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை.

தொலைக்காட்சிக்கு மட்டும் அப்படியொரு இரண்டாம் காலம் உண்மையிலேயே உண்டு. ஒளிபரப்புத் தேதிதான் அது. 1967 என்ற ஒளிபரப்புக் காலத்தில் கானின் ஆட்சி 1992. 2023 என்ற ஒளிபரப்புக் காலத்தில் அவன் டொராண்டோவில் சிறுவன். ரோமுலன் உளவாளி ‘முதலில்’, ‘பிறகு’ என்று சொன்னபோது அவள் அறியாமல் பார்த்தது நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை. டன்னின் முடிவிலியும் இங்கே நின்றுவிடுகிறது, ஏனென்றால் அந்த இரண்டாம் காலத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்.

இப்படிப் பார்த்தால் இன்னொரு விநோதமும் விளங்குகிறது. வரலாறு அழிந்து எழுதப்படும் கதைகளில் பழையதை நினைவு வைத்திருப்பவர் யார்? பெரும்பாலும், கேமரா யாரோடு பயணம் செய்ததோ அவர். லானுக்கு நினைவிருக்கிறது, அவளோடு நாம் டொராண்டோ போனோம். அவள் கையில் ஒரு சாதனத்தைக் கொடுத்துக் காரணமும் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சாதனம் பாதுகாப்பது அவள் நினைவை என்பதைவிட நம்முடையதை என்பது பொருந்தும். ‘டார்க்’ இரண்டு சீசன் இறுக்கமாகக் கட்டிக்காத்த விதியைக் கடைசியில் விட்டுக்கொடுத்ததையும் இதே கணக்கில் எழுதலாம். யோனாஸும் அவன் காதலி மார்த்தாவும் டான்ஹவுஸின் மகன் குடும்பத்தைக் கார் விபத்திலிருந்து காப்பாற்றுகிறார்கள். அதனால் அவர்கள் உலகங்களே உருவாகாமல் மறைந்துபோகின்றன. அப்படியானால் அன்று சாலையில் காரை மறித்து நின்றது யார்? எனக்கு அந்த முடிவு ஏமாற்றம்தான். மறுத்துச் சொல்பவர்களும் உண்டு.

2020-இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜெர்மெய்ன் டோபாரும் ஃபாபியோ கோஸ்டாவும் வெளியிட்ட கணக்கு, காலம் எதிர்த்துத் தள்ளுகிறது என்ற வசனத்துக்கு அறிவியல் ஆதரவு போலத் தோன்றும். காலச் சுழற்சிக்குள் இருப்பவர்கள் தங்கள் இடத்தில் சுதந்திரமாக என்ன செய்தாலும் முரணற்ற ஒரு தீர்வு இருக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். கொரோனாவின் முதல் நோயாளியைத் தடுக்கப் போனால், அந்த முயற்சியில் வேறு எவருக்காவது தொற்றும் என்பது அவர்கள் சொன்ன எடுத்துக்காட்டு. ஆனால் அங்கே எதுவும் நகர்வதில்லை. நடந்தது ஒரு முறைதான் நடந்தது. உங்கள் முயற்சியும் அதன் பகுதி. ஒரு போர் முப்பது ஆண்டு தள்ளிப்போவதற்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

‘டாக்டர் ஹூ’ தொடரின் மனப்பான்மை வேறு. 1966 அக்டோபர் 29 அன்று டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் போய், அதே வேடத்துக்கு பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். நம் தொடர்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுக் கடந்துவிடும் அதே நிர்ப்பந்தத்தை அவர்கள் கதையின் உயிரியலாகவே ஆக்கிவிட்டார்கள். முரண்களையும் அதே துணிச்சலோடு விட்டுவைத்தார்கள். 1975-இல் டாக்டரோடு பயணிக்கும் சாரா ஜேன், தான் 1980-லிருந்து வருவதாகச் சொன்னாள். அவளோடு பணியாற்றிய பிரிகேடியர் 1976-இலேயே ஓய்வு பெற்றுவிட்டதாக 1983-இல் காட்டினார்கள். டாக்டர் பிரிகேடியரின் அமைப்பில் வேலை பார்த்த காலம் எழுபதுகளா எண்பதுகளா என்று இன்றுவரை தகராறு. 2008-இல் டாக்டரே அந்தக் காலத்தைப் பற்றிப் பேச வந்து, எழுபதுகளா, இல்லை எண்பதுகளா என்று தடுமாறுகிறார். எழுத்தாளர் முரணைத் தீர்க்கவில்லை. அதைப் பாத்திரத்தின் மறதியாக மாற்றிவிட்டார். மூன்று வழிகளிலும் சேராத இது, ஆயிரம் ஆண்டு வாழ்ந்த ஒருவருக்கு மிகவும் பொருத்தம்.

ஸ்டார் ட்ரெக்குக்கு அந்தச் சலுகை இல்லை; அது நம் எதிர்காலம் என்று சொல்லித்தான் தொடங்கியது. எனவே கணக்குகள் தீராமல் வந்துகொண்டிருக்கின்றன. 1995-இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ 2024 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பெல் கலவரம் வெடிக்கும் என்று காட்டியது. கேப்ரியல் பெல் முன்கூட்டியே இறந்துவிட, எதிர்காலத்திலிருந்து வந்த சிஸ்கோ அவர் இடத்தில் நின்று வரலாற்றை நடத்திக்கொடுக்கிறார். அதன் பிறகு வரலாற்று நூல்களில் பெல்லின் படத்துக்குப் பதில் சிஸ்கோவின் முகம். அந்த செப்டம்பர் கடந்துவிட்டது. அடுத்த பெரிய தேதி மனிதர் முதன்முதலாக ஒளியை மிஞ்சும் கலத்தில் பறந்து, வல்கன் என்ற வேற்றுக்கோளினரைச் சந்திக்கும் நாள்: 2063 ஏப்ரல் 5, மொண்டானா மாநிலத்தில். நாட்காட்டிப்படி அது வியாழக்கிழமை. அதுவரை தொடர் ஓடினால் ரோமுலன் உளவாளிகளுக்கு மறுபடி வேலை வரும்.